கொங்கு ‘ங்க’வைப் பிடித்துக்கொண்டு தொடரியலுக்குள் போவது எப்படி?

சொற்கள் சேர்ந்து வாக்கியமாகும் விதத்தை ஆராயும் தொடரியலைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கோட்பாட்டுப் புத்தகத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்தே ஆங்கில வாக்கியங்கள், அவற்றுக்கு மேலே கிளை பிரியும் கோடுகள், சுருக்கெழுத்துகள். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் சலிப்பு வந்துவிடும். இந்தக் கோட்பாடுகள் எதற்குப் பதில் சொல்ல எழுந்தன என்பது தெரியாமல் அவற்றைப் படித்தால் மனதில் ஒட்டாது. அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் உங்கள் பேச்சிலிருந்தே ஒரு சின்னக் கேள்வியை எடுங்கள். அதைச் சோதித்துப் பாருங்கள். சோதனையில் கிடைத்ததை விளக்க முடியாமல் திணறும்போது கோட்பாட்டைத் திறங்கள்.

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வி வாயிலேயே இருக்கிறது. ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’, ‘நாளைக்குங்க’, ‘வருமுங்க’ என்று போகிற இடமெல்லாம் ஒட்டும் ‘ங்க’. சில ஊர்களில் இது ‘ங்’ என்ற அளவிலேயே நின்றுவிடும். சினிமாவில் கொங்குத் தமிழைக் காட்ட இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மரியாதை என்ற ஒரு சொல்லில் எல்லோரும் இதைக் கடந்துபோய்விடுவார்கள். ஆனால் உலக மொழிகளின் தொடரமைப்பைப் பற்றி இன்று நடக்கும் பெரிய விவாதங்களில் ஒன்றுக்கு இந்த ஒட்டு நேராகக் கொண்டுபோய்விடும்.

முதலில் மூன்று ‘ங்க’வையும் பிரியுங்கள்

ஒரே ஒலியில் மூன்று வேலைகள் நடக்கின்றன. இவற்றைக் கலந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாமே குழம்பும்.

‘மாடுங்க மேயுது’ என்பதில் வருவது பன்மை. எழுத்துத் தமிழில் ‘மாடுகள்’.

‘நீங்க வந்தீங்க’ என்பதில் வருவது வினைமுற்றின் விகுதி. எழுவாய் ‘நீங்கள்’ என்பதால் வினை அதோடு இயைகிறது, அதாவது அதற்கேற்ப வடிவம் மாறுகிறது.

‘அவன் நேத்தே போயிட்டானுங்க’ என்பதில் வருவதுதான் நமக்கு வேண்டியது. இந்த வாக்கியத்தை நிதானமாகப் பாருங்கள். போனவனுக்கு மரியாதை கிடையாது, அவன் வெறும் ‘அவன்’தான். வினையும் ‘போயிட்டான்’ என்று அதற்கு இயைந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் வரும் ‘ங்க’ எதிரில் நின்று கேட்கிறவருக்கான மரியாதை. அந்தக் கேட்கிறவர் வாக்கியத்தில் எங்குமே இல்லை. ‘நாளைக்கு மழை வருமுங்க’ என்பதும் அப்படித்தான். மழைக்கும் நாளைக்கும் நடுவே கேட்கிறவருக்கு என்ன வேலை? இருந்தாலும் வினையில் அவருக்கு ஓர் அடையாளம் விழுகிறது.

இதைத்தான் மொழியியலில் கேட்போர் இயைபு என்ற தலைப்பில் பேசுகிறார்கள். இனி இந்தக் கட்டுரையில் ‘ங்க’ என்றால் இந்த மூன்றாவதுதான்.

ஒருவரைச் சொல்லும்போது பன்மை வருவதைத் தொல்காப்பியரே கவனித்திருக்கிறார். கிளவியாக்கத்தில் அதை வழக்கில் வந்த உயர்சொல் என்று தனியாக ஒதுக்கிவைக்கிறார். வினை எதோடு இயைய வேண்டும் என்ற பேச்சு தமிழுக்குப் புதிதில்லை. நீங்கள் அந்நியமான துறைக்குள் நுழைவதாக நினைக்க வேண்டாம்.

மக்களிடம் கேட்பது

தொடரியலில் ஆதாரம் என்பது ‘இப்படிச் சொல்லலாம், அப்படிச் சொல்ல முடியாது’ என்று அந்த மொழியைப் பேசுகிறவர் உணர்வது. சொல்லக்கூடியதைத் தெருவில் கேட்டே சேர்த்துவிடலாம். சொல்ல முடியாததை யாரும் பேச மாட்டார்கள், நீங்கள்தான் செய்து காட்டிக் கேட்க வேண்டும். சொல்ல முடியாத வாக்கியத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். அந்தக் குறி போட்ட வாக்கியங்கள்தான் உங்கள் சொத்து. அவை இல்லாத நோட்டை வைத்து எந்த விளக்கத்தையும் சோதிக்க முடியாது.

கேட்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘இது சரியா?’ என்று கேட்டால் பள்ளிக்கூட இலக்கணம் வந்து நிற்கும். ‘வந்தேன்னுதான் சொல்லணும், வந்தனுங்கன்னு சொல்றது கொச்சை’ என்று பெரியவர்கள் திருத்துவார்கள். அதற்குப் பதில், ‘நம்மூர்ல இப்படிச் சொல்லுவாங்களா? நீங்க எப்பவாச்சும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?’ என்று கேளுங்கள். வாக்கியத்தைத் தனியாக நீட்டாமல் ஒரு சூழலோடு கொடுங்கள்: ‘மாமனார்கிட்ட பேசுறீங்கன்னு வைங்க, அப்ப எப்படிச் சொல்லுவீங்க?’ நல்ல வாக்கியங்களையும் கெட்ட வாக்கியங்களையும் கலந்து கேளுங்கள். எல்லாம் கெட்டதாகவே வந்தால் கேட்கிறவர் சலித்துப்போய் ‘சொல்லலாம், சொல்லலாம்’ என்று தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கோபியில் ஏற்பதைத் தாராபுரத்தில் ஏற்காமல் போகலாம், அம்மா சொல்வதை மகள் சொல்லாமல் போகலாம். அந்த வேறுபாடும் பதிவு செய்ய வேண்டிய சங்கதிதான். ஒலிப்பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள். நோட்டில் பெயர் வேண்டாம். ஊர், வயது, வீட்டில் பேசும் மொழி, தேதி போதும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் பேசியபடியே வாக்கியம். இரண்டாம் வரியில் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேலை. மூன்றாம் வரியில் எழுத்துத் தமிழில் பொருள். ‘போயிட்டானுங்க’ என்றால் இரண்டாம் வரி இப்படி வரும்: போ – முடிவுத் துணைவினை – இறந்தகாலம் – ஆண்பால் ஒருமை – கேட்போர் மரியாதை. உலகம் முழுக்க மொழியியலாளர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். இதற்கு லைப்சிக் விதிகள் என்ற பொதுவான ஒழுங்கும் உண்டு. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. பகுதி, விகுதி, இடைநிலை என்று நன்னூல் வழியில் பிரித்த அதே கைப்பழக்கம்தான். நன்னூல் செய்த பவணந்தி முனிவரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தோடும் விசயமங்கலத்துச் சமணக் கோயிலோடும் சேர்த்துச் சொல்லும் மரபு கொங்கில் இருக்கிறது. அந்த மண்ணில் உட்கார்ந்து சொற்களைப் பிரிப்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

ஓர் ஊகம், அதற்குச் சோதனை

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். தொடரியல் எப்படி வேலை செய்கிறது என்பது முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஸ்பெயினும் பிரான்சும் சேரும் எல்லையில் பேசப்படும் பாஸ்க் மொழியிலும் கேட்போர் இயைபு உண்டு. நெருக்கமானவரிடம் பேசும்போது, வாக்கியத்தில் இல்லாத கேட்பவருக்காக வினையில் ஓர் ஒட்டு சேரும். கேட்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அது மாறும். அந்த மொழியில் வினை எழுவாயோடு மட்டும் இயைவதில்லை. செயப்படுபொருளோடும், ‘கு’ உருபு ஏற்கும் பொருளோடும் இயையும். இவற்றில் ஏதாவது ஓர் இடத்தில் ‘நீ’ வந்துவிட்டால் கேட்போர் ஒட்டு வராது. அதாவது, கேட்பவர் ஏற்கனவே வினையில் பதிவாகிவிட்டால் இரண்டாம் முறை பதிவாவதில்லை.

இதை வைத்து ஒரு பொது ஊகம் செய்வோம்: வினை கேட்பவரோடு ஏற்கனவே இயைந்திருந்தால், தனிக் கேட்போர் ஒட்டு வராது.

இந்த ஊகம் சரியென்றால் கொங்குத் தமிழில் என்ன நடக்க வேண்டும்? தமிழ் வினை எழுவாயோடு மட்டும்தான் இயையும். ஆகவே ‘உங்களை’ என்று செயப்படுபொருளாகக் கேட்பவர் வந்தால் வினையில் அவருக்கு எந்தப் பதிவும் இல்லை. அப்போது ‘ங்க’ தாராளமாக வர வேண்டும். வருகிறதா? ‘உங்களை நேத்து சந்தையில பார்த்தனுங்க.’ யாரும் தயங்காமல் சொல்லும் வாக்கியம். பாஸ்க்கில் தடைப்படும் இடத்தில் தமிழில் தடையில்லை. இரண்டு மொழிகளும் வேறுவேறாக நடப்பதுபோல் தெரிந்தாலும் ஊகம் ஒன்றுதான். வினை யாரோடு இயைகிறது என்பது மட்டும் மாறுகிறது.

அடுத்து எழுவாயே ‘நீங்க’ என்றால்? ‘நீங்க நேத்து வந்தீங்க’ என்பதற்குப் பின்னால் இன்னொரு ‘ங்க’ சேர்த்துப் பாருங்கள்: ‘வந்தீங்கங்க’. ஊகத்தின்படி இது வரக்கூடாது. உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது, உங்கள் பாட்டிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

அந்த வாக்கியம் தப்பாகப் பட்டாலும் ஒருவர் எதிர்க்கேள்வி போடலாம். ‘ஒரே ஒலி அடுத்தடுத்து ரெண்டு தடவை வருது, அதனாலதான் காதுக்கு ஒட்டலை. இதுக்கும் இயைபுக்கும் சம்பந்தமில்லை.’ நியாயமான எதிர்ப்பு. எழுவாய் ‘நீங்க’ ஆகவே இருந்து, வினை மட்டும் இயையாத ஒரு வாக்கியம் கிடைத்தால் விஷயத்தை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். தமிழில் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நான் வரலை, நீ வரலை, அவன் வரலை, அவங்க வரலை. ‘வரவில்லை’ யாரோடும் இயைவதில்லை. எழுவாய் எதுவானாலும் வடிவம் ஒன்றேதான். அப்படியானால் ஊகத்தின்படி, எழுவாய் ‘நீங்க’ ஆனாலும் இங்கே ‘ங்க’ வர வேண்டும். வருகிறது: ‘நீங்க நேத்து வரலீங்களா?’ தினமும் கேட்கும் வாக்கியம். ஆக, எழுவாய் ‘நீங்க’ என்பது மட்டும் ‘ங்க’வைத் தடுப்பதில்லை.

இதனாலேயே ஒலி பற்றிய எதிர்ப்பு விழுந்துவிடாது. இங்கேயும் இரண்டு ‘ங்க’ அடுத்தடுத்து வரவில்லையே. இயைபு, ஒலி என்ற இரண்டு விளக்கங்களையும் பிரிக்க வேண்டுமானால் ‘ங்க’ என்ற ஒலி இல்லாமல், ஆனால் கேட்பவரோடு இயையும் வினை வேண்டும். ‘நீ வந்தே’ இருக்கிறது. ஆனால் ‘நீ’ என்று அழைப்பவரிடம் மரியாதை ஒட்டு எப்படியும் வராது. அதற்கு வழி இருக்கிறதா என்று நீங்கள் யோசியுங்கள். ஒரு ஊகம், அது முன்கூட்டிச் சொல்வது என்ன, எதிர்ப்பு எங்கே, எந்த வாக்கியம் அந்த இரண்டையும் பிரிக்கும் என்று போய்க்கொண்டே இருப்பதுதான் இந்த வேலை. அப்புறம் படிக்கப்போகும் எந்தக் கோட்பாட்டுக் கட்டுரையும் இதைத்தான் பெரிய அளவில் செய்திருக்கும்.

‘ங்க’ எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது

கொங்கில் ‘ங்க’ வினையோடு நிற்பதில்லை. ‘நானுங்க, நேத்துங்க, சந்தைக்குப் போயிருந்தனுங்க’ என்று ஒரே வாக்கியத்தில் பல இடத்தில் விழும். கண்ட இடத்தில் விழுகிறது என்று தோன்றும். ஆனால் இதைப் பாருங்கள்:

பெருந்துறையில இருக்கிற மாமாங்க நேத்துங்க வந்தாருங்க.

*பெருந்துறையில இருக்கிறங்க மாமா நேத்து வந்தாருங்க.

‘மாமா’வுக்குப் பின் வருகிறது, ‘இருக்கிற’ என்ற பெயரெச்சத்துக்குப் பின் வருவதில்லை. ஏனென்றால் ‘பெருந்துறையில இருக்கிற மாமா’ என்பது ஒரே தொகுதி. அந்த முழுத் தொகுதியையும் தூக்கி வாக்கியத்தின் கடைசியில் வைக்கலாம்: ‘நேத்து வந்தாருங்க, பெருந்துறையில இருக்கிற மாமா.’ அதற்குப் பதில் ‘அவரு’ என்று ஒரே சொல் போடலாம். ‘இருக்கிற’ வரைக்கும் மட்டும் பிய்த்து நகர்த்த முடியாது. மரப்படம் என்று சொல்வது இந்தத் தொகுதிகளின் கணக்குத்தான். எது எதோடு சேர்ந்து ஒரு துண்டாகிறது, அந்தத் துண்டு எந்தப் பெரிய துண்டுக்குள் அடங்குகிறது என்பதைக் கோட்டால் காட்டுகிறார்கள். ‘ங்க’ விழும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் தொகுதிகளின் ஓரம் எங்கே என்று பாதி மரம் தானாகத் தெரியும். மீதிக்கு நகர்த்திப் பார்ப்பதும் மாற்றிப் போடுவதும் இருக்கிறது. பெயரெச்சத்துக்குள்ளேயே, ‘பெருந்துறையிலங்க இருக்கிற மாமா’ என்று வருமா? இதைப் பலரிடம் கேளுங்கள்.

கேள்வி ‘ஆ’ சேரும்போது வரிசை என்ன என்பதும் பார்க்க வேண்டியது. ‘வந்தானுங்களா’ என்பதில் மரியாதை முன்னே, கேள்வி பின்னே. ‘வந்தானாங்க’ என்பதில் தலைகீழ். இரண்டும் உங்கள் ஊரில் உண்டா, ஒன்றுதானா, இரண்டும் உண்டென்றால் பொருளில் வித்தியாசம் இருக்கிறதா?

சரி, இப்போது கோட்பாடுகள்

நோட்டில் ஐம்பது அறுபது வாக்கியம் சேர்ந்த பிறகு இங்கே வாருங்கள். எல்லாக் கோட்பாடுகளையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: என் ‘ங்க’வை எங்கே வைப்பாய்?

நோம் சாம்ஸ்கி 1957இல் தொடக்கிய வழியைத் தமிழில் மாற்றிலக்கணம் என்கிறோம். இந்த வழியில் எல்லா உறவுகளும் மரத்தில் ஓர் இடமாகத்தான் காட்டப்படும். ஜான் ராஸ் 1970இல் ஒரு துணிச்சலான யோசனை சொன்னார்: ஒவ்வொரு கூற்று வாக்கியத்துக்கும் மேலே ‘நான் உனக்குச் சொல்கிறேன்’ என்று ஒரு மறைந்த வாக்கியம் இருக்கிறது. அந்த வடிவத்தில் அது நிலைக்கவில்லை. ஆனால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் மரத்தின் உச்சியில் இடம் உண்டு என்ற கருத்து பிற்காலத்தில் திரும்பி வந்தது. ஷிகெரு மியாகவா பாஸ்க்கையும் ஜப்பானிய மொழியின் மரியாதை வடிவங்களையும் வைத்து அதற்கு வாதாடினார். தாமஸ் மக்ஃபேடன் தமிழ் ‘ங்க’வையே எடுத்து இந்தக் கோணத்தில் எழுதியிருக்கிறார். அதைத் தேடிப் படியுங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் வாக்கியங்களோடு ஒப்பிடுங்கள்.

ஜோன் பிரெஸ்னனும் ரொனால்ட் கப்லனும் உருவாக்கிய சொல்சார் செயற்பாட்டு இலக்கணம் வாக்கியத்துக்கு இரண்டு படம் போடுகிறது. ஒன்று சொற்கள் எப்படிக் கூடியிருக்கின்றன என்று காட்டும், இன்னொன்று எது எழுவாய், எது செயப்படுபொருள் என்ற உறவைக் காட்டும். தமிழ், மலையாளம் போலச் சொற்களை முன்னே பின்னே நகர்த்தக்கூடிய மொழிக்காரர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். கார்ல் பொலார்டும் ஐவன் சாக்கும் கொண்டுவந்த தலைவழி இலக்கணத்தில் ஒவ்வொரு சொல்லும் தொடரும் பண்புகளின் ஒரு கட்டு. அந்தக் கட்டுக்குள்ளேயே சூழல் என்று ஒரு பகுதி, அதில் பேசுபவர், கேட்பவர் என்று தனித்தனி இடம் முதலிலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘ங்க’வை வைக்க இங்கே புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், தொடக்கத்துக்கு மாற்றிலக்கணத்தைச் சொல்வேன். மொழிகளுக்கிடையிலான வேறுபாட்டைப் பற்றிய ஆய்வு எழுத்துகள் அதில்தான் அதிகம். ஆனால் கொங்கு ‘ங்க’ அதற்கு ஒரு சங்கடத்தைக் கொடுக்கிறது. இயைபு என்பது பொதுவாக ஒரு வினையில் ஒரு தடவை நடப்பது. ‘நானுங்க, நேத்துங்க’ என்று பல இடத்தில் விழுவதை என்ன செய்வது? வினையில் வருவது இயைபு, மற்ற இடங்களில் வருவது ‘ஐயா’ என்று அழைப்பது போன்ற வெறும் விளி என்று இரண்டாகப் பிரிக்கலாமா? பிரித்தால் இரண்டுக்கும் நடத்தையில் வித்தியாசம் இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைத் தேடிக் காட்டுவதோ, இல்லை என்று காட்டுவதோ கொங்குத் தமிழ் பேசுகிறவருக்கு மற்றவர்களைவிட எளிது.

பக்கத்து வீட்டு மொழிகள்

ஒப்பிட வெளிநாடு போக வேண்டியதில்லை. தெலுங்கில் ‘அவுனண்டி’, ‘லேதண்டி’ என்று ‘அண்டி’ வருகிறது. வட கர்நாடகக் கன்னடத்தில் ‘ஹௌத்ரீ’ என்று ‘ரீ’ வருகிறது. கொங்கில் தலைமுறைகளாகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ‘அண்டி’ இருக்கிறதா, அல்லது தமிழ் ‘ங்க’ அங்கே புகுந்துவிட்டதா என்று கேட்டாலே ஒரு நல்ல சிறு ஆய்வு தொடங்கிவிடும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிகாரிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். தாய்மொழி என்னவென்று கேட்டால் இந்தி என்றுதான் முதலில் சொல்வார்கள். ஊரில் அம்மாவிடம் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள். மகஹி, மைதிலி என்று பதில் வரலாம். அந்த இரண்டிலும் கேட்போர் இயைபு உண்டு. கேட்பவரின் மரியாதை நிலைக்கு ஏற்ப வினை வடிவம் மாறும். மகஹியில் ‘என்று சொன்னான்’ போன்றவற்றுக்குள் அடங்கும் உள்வாக்கியத்திலும் அது வரும். இந்தோ-ஆரிய மொழி பேசும் ஒருவரும் திராவிட மொழி பேசும் ஒருவரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, கேட்பவரை வினையில் ஒட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குள் போகும்போது தமிழிலும் சோதியுங்கள்: ‘வரமாட்டனுங்கன்னு சொன்னான்’ என்றால் அந்த மரியாதை அவன் யாரிடம் சொன்னானோ அவருக்கா, இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கா?

வாளையாறைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. தமிழில் ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ தேவையில்லை. பள்ளியில் படித்த தோன்றா எழுவாய். 1980களில் இத்தாலியனையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு, வினையில் இயைபு வளமாக இருந்தால்தான் எழுவாயை விடலாம் என்று ஒரு விளக்கம் பரவியது. மலையாளத்தில் ஞான் வன்னு, அவன் வன்னு, அவர் வன்னு என்று வினை மாறுவதே இல்லை. இருந்தும் எழுவாயை விட்டுவிட்டு ‘வன்னோ?’ என்று கேட்கிறார்கள். சீனம், ஜப்பானிய மொழிகளும் இப்படித்தான். ஆக, எழுவாயை விடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்க வேண்டும் என்று கோட்பாடு திருத்தப்பட்டது.

சொல்வரிசைக்கு ஜோசப் கிரீன்பர்க் 1963இல் வெளியிட்ட கட்டுரை போதும். 30 மொழிகளை வைத்து 45 பொதுமைகள் சொன்னார். வினை கடைசியில் வரும் மொழிகளில் வேற்றுமைப் பொருள் தரும் சொற்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும் என்பது அவற்றில் ஒன்று. தமிழ் அப்படியே பொருந்தும். பாரசீகம் வினையைக் கடைசியில் வைத்தும் அவற்றை முன்னால் போடும். பிறகு உலக மொழிக் கட்டமைப்பு அட்லஸ் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வரைபடத்தில் ஒரு பண்பைத் தேர்ந்தெடுத்தால் அது எந்தெந்த மொழியில் உண்டு என்று காட்டும். அதில் தமிழ் என்று குறித்திருப்பது பெரும்பாலும் எழுத்துத் தமிழ் என்பதை மறக்காதீர்கள்.

நீலகிரியில் மொழியியலாளர் எமனோ 1930களில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதினார். படகர் மொழி, இருளர் மொழி பேசும் நண்பர்கள் இருந்தால் உங்கள் வாக்கியப் பட்டியலை அவர்களிடமும் கொண்டுபோங்கள். ஆனால் கேள்விப் பட்டியலோடு போய் இறங்காமல், முதலில் அவர்கள் கதை சொல்வதைக் கேளுங்கள்.

படிப்பும் துணையும்

முறையாகப் படிக்கக் கோவையிலேயே பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் நீண்ட நாளாக இதில் இருப்பவை. எழுத்துத் தமிழின் தொடரமைப்புக்குத் தாமஸ் லேமன் 1989இல் எழுதிய இலக்கணத்தை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த வகை வாக்கியத்தையும் தேடி எடுத்து, உங்கள் ஊர்ப் பேச்சில் அது எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் எழுதலாம். கணினி தெரிந்தவர்கள் உலகச் சார்புத் தரவகத்தில் (Universal Dependencies) தமிழுக்கென இருக்கும், இலக்கணக் குறியிட்ட வாக்கியத் தொகுப்புகளை இறக்கிப் பாருங்கள். அவையும் எழுத்துத் தமிழ்தான். கொங்குப் பேச்சுக்கு அப்படி ஒன்றைச் செய்ய யாராவது முன்வர வேண்டும்.

‘ங்க’ ஓரளவு கைவந்ததும் அடுத்ததாக எடுக்க நான் சொல்வது, முன்னால் வந்தவரையே திரும்பக் குறிக்கும் ‘தான்’. ‘ரங்கன் தான் ஜெயிச்சேன்னு சொன்னான்.’ ஜெயித்தது ரங்கன் என்ற பொருளில் இதை ஏற்கிறீர்களா? ஏற்றால், எழுவாய் ‘தான்’ ஆக இருக்கும்போது வினையில் ‘நான்’ என்பதற்குரிய தன்மை விகுதி ‘-ஏன்’ எப்படி வந்தது? சந்தியா சுந்தரேசன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். படிப்பதற்கு முன் ‘ஜெயிச்சான்னு’, ‘ஜெயிச்சதா’ என்ற மாற்றுகளையும் சேர்த்து நாலைந்து பேரிடம் கேட்டு, ஏற்பு, மறுப்பு இரண்டையும் நோட்டில் குறித்து வைத்துவிடுங்கள்.